இடையில் நின்றவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம்

பதினேழு வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் படிப்பை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. பாடம் புரியவில்லை. வாத்தியார் கேட்டால் பதில் வரவில்லை. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு நாள் பள்ளிக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பிறகு போகவே இல்லை.

இப்போது திரும்பப் போகலாம் என்று அவன் மனம் சொல்கிறது. ஆனால் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார வெட்கமாக இருக்கிறது.

இந்த வெட்கம் நமக்குப் புதிதல்ல. அறிவொளி மையத்துக்கு முதல் நாள் நோட்டும் பென்சிலுமாகப் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பணக்கார நாடான அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு. அவர்களுக்காக 1992-ல் அங்கே ஒரு சிறிய பள்ளிக்கூடம் திறந்தார்கள். அதன் பெயர் சிட்டி அகாடமி. அது பெரிய கட்டடம் அல்ல. பணம் படைத்தவர்கள் பள்ளியும் அல்ல. ஆனாலும் அமெரிக்கக் கல்வி வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு. அந்த நாட்டில் திறக்கப்பட்ட முதல் சார்ட்டர் பள்ளி அதுதான்.

சார்ட்டர் என்றால் என்ன?

சார்ட்டர் என்பது ஆங்கிலச் சொல். பட்டயம், சாசனம் என்று பொருள். அந்தக் காலத்தில் மன்னர்கள் செப்புத் தகட்டில் எழுதிக் கொடுப்பார்கள். இந்த உரிமை உனக்கு, அதற்குப் பதிலாக நீ இன்ன காரியம் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனிகூட அப்படி ஒரு பட்டயம் பெற்ற கம்பெனிதான். 1600-ஆம் ஆண்டு இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் அதைக் கொடுத்தார். அந்தப் பட்டயம் நம்மை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது வேறு கதை.

பள்ளிக்கும் இப்படி ஒரு பட்டயம் கொடுக்கலாம் என்று சிலர் யோசித்தார்கள். ஆசிரியர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பள்ளி நடத்தட்டும். எப்படிக் கற்பிப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பதிலுக்குப் பிள்ளைகள் படித்தார்கள் என்று அவர்கள் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் பட்டயம் ரத்து. இதுதான் சார்ட்டர் பள்ளியின் அடிப்படை.

நம் நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்று மூன்று வகை நமக்குத் தெரியும். சார்ட்டர் பள்ளி இவற்றில் எதிலும் சரியாக அடங்காது. அதற்கு வரும் பணம் மக்களின் வரிப்பணம். பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஆகவே அது பொதுப் பள்ளி. ஆனால் அதை நடத்துவது அரசு அலுவலகம் அல்ல. ஒரு சங்கம் நடத்துகிறது. அந்தச் சங்கத்துக்கும் அனுமதி கொடுத்தவர்களுக்கும் இடையே ஓர் எழுத்து ஒப்பந்தம் இருக்கிறது.

யோசனை பிறந்த விதம்

பள்ளிக்குப் பட்டயம் என்ற பேச்சை முதலில் எடுத்தவர் ரே பட்டே. அவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பேராசிரியராக இருந்தவர். 1970-களில் அவர் சொன்னபோது யாரும் காது கொடுக்கவில்லை. 1988-ல் அதையே புத்தகமாக எழுதினார்.

அதே 1988-ல் இன்னொருவர் இந்த யோசனையைக் கையில் எடுத்தார். அவர் ஆல்பர்ட் ஷங்கர். அமெரிக்காவின் பெரிய ஆசிரியர் சங்கங்களில் ஒன்றுக்கு அவர் தலைவர். ஜெர்மனி நாட்டில் கொலோன் நகரத்தில் அவர் ஒரு பள்ளியைப் பார்த்திருந்தார். அங்கே ஆசிரியர்கள் குழுவாக வேலை செய்தார்கள். அதே குழு அதே பிள்ளைகளோடு ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்தது. ஒரு பிள்ளை பின்தங்கினால் "போன வருட வாத்தியார் சரியாகச் சொல்லித் தரவில்லை" என்று கைகாட்ட முடியாது. போன வருடமும் இவர்கள்தானே!

இது ஷங்கருக்குப் பிடித்திருந்தது. அமெரிக்காவிலும் ஆசிரியர்கள் இப்படிப் புது முறைகளைச் செய்து பார்க்க இடம் வேண்டும் என்று அவர் பேசினார். ஆசிரியர் சங்கத் தலைவர் ஒருவரே இதைச் சொன்னார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் சார்ட்டர் பள்ளிகளைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஆசிரியர் சங்கங்கள் முன்னால் நின்றன. ஷங்கரும் தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

மின்னசோட்டா சட்டம்

அமெரிக்காவின் வடக்கே, கனடா நாட்டு எல்லையை ஒட்டி மின்னசோட்டா மாநிலம் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே ஏரிகள் உறைந்து கல்லாகிவிடும். அந்த மாநிலத்தின் தலைநகரம் செயின்ட் பால். மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் நகரம்.

அங்கே ஊர்ப் பள்ளிகளை நடத்துவது பள்ளி வாரியம். ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முன்பெல்லாம் எந்தப் பகுதியில் குடியிருக்கிறோமோ அந்தப் பகுதிப் பள்ளிக்குத்தான் பிள்ளையை அனுப்ப வேண்டும். அது சரியில்லை என்றால் வீடு மாற வேண்டும். பணம் உள்ளவர்கள் வீடு மாறினார்கள். இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்வி மின்னசோட்டாவில் 1980-களில் பெரிதாக எழுந்தது. மாநில சட்டசபையின் மேலவை உறுப்பினர் எம்பர் ரைக்காட் என்ற பெண்மணி, ஷங்கரின் பேச்சைக் கேட்டவர். சார்ட்டர் பள்ளிக்காக அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது எடுத்த எடுப்பில் நிறைவேறவில்லை. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. எங்கள் வேலைக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டார்கள். ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டிய பணம் பிரிந்து போகும் என்றார்கள். இந்தப் பயம் வீண் பயம் அல்ல. அது ஏன் என்பதைக் கணக்குப் பகுதியில் பார்க்கலாம்.

கடைசியில் 1991-ல் மசோதா நிறைவேறியது. ஆளுநர் ஆர்னி கார்ல்சன் கையெழுத்துப் போட்டார். (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சரைப் போல.)

சட்டம் வந்தது. ஆனால் கையைக் கட்டித்தான் வந்தது. மாநிலம் முழுவதும் 8 பள்ளிகளுக்கு மேல் கூடாது. அனுமதியை ஒரு பள்ளி வாரியம்தான் தர வேண்டும். புதுப் பள்ளி வந்தால் யாருக்குப் பிள்ளைகள் குறையுமோ அவர்களிடமே போய் அனுமதி கேட்க வேண்டும். கடைத்தெருவில் ஏற்கெனவே கடை வைத்திருப்பவரிடம் போய், "உங்கள் கடைக்கு எதிரில் நானும் ஒரு கடை போடட்டுமா?" என்று கேட்பது போலத்தான். 1993-ல் சட்டத்தைக் கொஞ்சம் திருத்தினார்கள். வாரியம் மறுத்தால் மாநில அரசிடம் முறையிடலாம் என்று ஆனது. 8 என்ற வரம்பும் நாளடைவில் போய்விட்டது.

செயின்ட் பாலின் கிழக்குப் பகுதி

செயின்ட் பால் நகரத்தின் கிழக்குப் பகுதி தொழிலாளர்கள் வாழ்ந்த இடம். ரயில்வே வேலை, பீர் ஆலை வேலை, குளிர்பதனப் பெட்டி ஆலை வேலை என்று மக்கள் பிழைத்தார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். லாவோஸ் நாட்டுப் போரில் வீடு வாசல் இழந்த மாங் மக்கள் 1975-க்குப் பிறகு ஆயிரக்கணக்கில் அந்த நகரத்துக்கு வந்தார்கள்.

பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. குளிர்பதனப் பெட்டி ஆலை 1984-ல் மூடப்பட்டது. அப்பாவுக்கு வேலை போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் சிலர் படிப்பை விட்டார்கள். சிலர் போதைப் பழக்கத்தில் விழுந்தார்கள். சிலருக்கு இரவு தங்கவே நிலையான இடம் இல்லை.

மைலோ கட்டர், டெர்ரி கிராபெல் என்ற இரண்டு ஆசிரியர்கள் இந்தப் பிள்ளைகளைப் பற்றி யோசித்தார்கள். பெரிய பள்ளிக்கூடத்தில் ஆயிரம் பேர் படிக்கிறார்கள். அங்கே ஒருவன் வரவில்லை என்றால் பதிவேட்டில் ஒரு கோடு விழும். அவ்வளவுதான். சின்னப் பள்ளியாக இருந்தால் அவன் ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆள் இருப்பார். இந்த எண்ணத்தில் அவர்கள் பட்டயத்துக்கு விண்ணப்பம் போட்டார்கள்.

1992 செப்டம்பரில் சிட்டி அகாடமி திறந்தது. சொந்தக் கட்டடம் இல்லை. கிழக்குப் பகுதியில் நகராட்சியின் விளையாட்டு மையம் ஒன்று இருந்தது. அங்கேதான் வகுப்பு. முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் எல்லோரையும் நம் ஊர்ப் பள்ளியின் ஒரே வகுப்பில் உட்கார வைத்துவிடலாம். அவ்வளவு குறைவு. 16 வயது முதல் 21 வயது வரை உள்ளவர்கள். பெரும்பாலோர் ஏற்கெனவே படிப்பை விட்டவர்கள். அவரவர் விட்ட இடத்திலிருந்து பாடம் தொடங்க வேண்டியிருந்தது. ஒருவருக்குக் கணக்கு அடிப்படையிலிருந்து வேண்டும். இன்னொருவருக்கு இரண்டு பாடம் முடித்தால் பள்ளிச் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். அந்த வயதினர் எல்லோரும் அங்கே ஒரே மாதிரி நிலையில் இருந்தார்கள். சிரிப்பதற்கு ஆள் இல்லை.

யார் நடத்துகிறார்கள்?

1991 சட்டம் சார்ட்டர் பள்ளியின் அமைப்பைத் தெளிவாகச் சொன்னது.

பள்ளி தொடங்க முன்வருபவர்கள் உரிமம் பெற்ற ஆசிரியர்களாக இருக்க வேண்டும். அவர்கள் கூட்டுறவுச் சங்கமாகவோ, லாப நோக்கம் இல்லாத அமைப்பாகவோ பதிவு செய்ய வேண்டும். பள்ளிக்கு ஒரு நிர்வாகக் குழு உண்டு. அந்தக் குழுவைத் தேர்ந்தெடுக்கப் பள்ளி ஊழியர்களும் ஓட்டுப் போடுவார்கள், பெற்றோர்களும் ஓட்டுப் போடுவார்கள். குழுவில் பாதிக்கு மேல் ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்றும் அன்றைய சட்டம் சொன்னது. பின்னாளில் இது மாறியது. ஆசிரியர், பெற்றோர், ஊர்க்காரர் ஆகிய மூன்று தரப்பினரும் குழுவில் இடம்பெற வேண்டும் என்று ஆனது.

இந்தக் குழு சும்மா பெயருக்கு இருக்கும் குழு அல்ல. ஆசிரியரை நியமிப்பது, சம்பளம் பேசுவது, வாடகை கட்டுவது, பாடத்திட்டம் வகுப்பது எல்லாம் அதன் பொறுப்பு. ஊர்ப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தும் பல விதிகள் இந்தப் பள்ளிக்குப் பொருந்தாது.

ஆனால் சில விதிகளிலிருந்து தப்ப முடியாது. மதப் போதனை கூடாது. கட்டணம் கூடாது. நுழைவுத் தேர்வு வைத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுக்கக் கூடாது. இடத்தைவிட அதிகம் பேர் வந்தால் குலுக்கல் போட வேண்டும். உடல் ஊனமுற்ற பிள்ளைகளுக்கும் கற்பதில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கும் சிறப்புக் கல்வி தர வேண்டும். ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கைக்குக் காட்ட வேண்டும். படிப்பை விட்டவர்களுக்கு மட்டும் என்று ஒரு பள்ளி தன்னை வரையறுத்துக்கொள்ள மட்டும் சட்டம் இடம் கொடுத்தது. சிட்டி அகாடமிக்கு அது வசதியாக அமைந்தது.

அன்றைய சட்டப்படி ஒப்பந்தம் அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்குத்தான். அது முடியும்போது, வாக்குக் கொடுத்தபடி பிள்ளைகள் படித்தார்களா என்று பார்ப்பார்கள். பணத்தை ஒழுங்காகக் கையாண்டார்களா என்று பார்ப்பார்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் பள்ளியை மூடலாம்.

கொஞ்சம் கணக்கு

சார்ட்டர் பள்ளிக்கு மாநிலப் பணம் பிள்ளைகளின் தலைக்கு இவ்வளவு என்று வருகிறது. எளிதாகப் புரிய, ஒரு பிள்ளைக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது வெறும் எடுத்துக்காட்டு.

60 பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கு 6,000 ரூபாய் வரும். நடுவில் 6 பேர் நின்றுவிட்டார்கள். இப்போது 54 பேர். வரவு 5,400 ரூபாய். 600 ரூபாய் குறைந்துவிட்டது. ஆனால் வாடகை குறைந்ததா? இல்லை. ஆசிரியர் சம்பளம் குறைந்ததா? இல்லை. படிப்பை அடிக்கடி விட்டுப் போகும் பிள்ளைகளை வைத்துப் பள்ளி நடத்துவது எவ்வளவு சிரமம் என்று இப்போது தெரிகிறது அல்லவா?

அதே கணக்கை ஊர்ப் பள்ளியின் பக்கத்திலிருந்தும் போட்டுப் பாருங்கள். அங்கே பத்து வகுப்பிலிருந்து வகுப்புக்கு இரண்டு பேர் சார்ட்டர் பள்ளிக்குப் போகிறார்கள். 20 பேருக்கு உரிய 2,000 ரூபாய் குறைகிறது. ஆனால் எந்த வகுப்பையும் மூட முடியாது. பத்து ஆசிரியர்களும் வேண்டும். பள்ளிப் பேருந்து ஓட வேண்டும். மின்னசோட்டாக் குளிரில் கட்டடத்தைச் சூடாக்கவும் செலவு உண்டு. ஆசிரியர் சங்கத்தின் பயத்தில் நியாயம் இருந்தது என்பது இதனால்தான்.

இன்னொரு வேறுபாடு உண்டு. ஊர்ப் பள்ளி வாரியம் வீட்டு வரி மூலமும் பணம் திரட்டலாம். சார்ட்டர் பள்ளிக்கு வரி போடும் உரிமை கிடையாது. கட்டடம்தான் அதற்கு எப்போதும் தலைவலி. விளையாட்டு மையம், காலிக் கடை, பழைய கிடங்கு என்று கிடைத்த இடத்தில் பள்ளி நடத்தியவர்கள் பலர்.

மற்ற இடங்களில்

1992-ல் கலிபோர்னியா மாநிலம் இதே போன்ற சட்டம் கொண்டுவந்தது. அடுத்தடுத்துப் பல மாநிலங்கள் கொண்டுவந்தன. பிறகு புதுப் பள்ளிகள் தொடங்க மத்திய அரசும் பணம் கொடுத்தது.

எல்லா இடத்திலும் நல்லபடியாக நடக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஒரு சார்ட்டர் பள்ளி திறந்தது. அதுவும் படிப்பை விட்ட பிள்ளைகளுக்கான பள்ளிதான். நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் போதாமல் இருந்தபோது, பள்ளிப் பணத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்தவருக்குச் சொகுசுக் கார் ஓடியது. 1994 டிசம்பரில் அந்தப் பள்ளியின் பட்டயத்தை ரத்து செய்தார்கள். தப்புச் செய்தவர்கள் பெரியவர்கள். நடு வருடத்தில் தெருவுக்கு வந்தது பிள்ளைகள். ஏற்கெனவே ஒருமுறை பள்ளியை விட்டவர்கள், இரண்டாம் முறை பள்ளி அவர்களை விட்டது.

மூடுவது நல்ல தண்டனை என்று சொல்பவர்கள் உண்டு. தண்டனை யாருக்கு என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. அனுமதி கொடுத்தவர்கள் முதலிலேயே அடிக்கடி போய்க் கணக்கைப் பார்த்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. மின்னசோட்டாவிலும் பணத்தை ஒழுங்காகக் கையாளாமல் மூடிய பள்ளிகள் உண்டு. 2009-ல் அந்த மாநிலம் சட்டத்தை இறுக்கியது. பள்ளிகள் மட்டும் அல்ல, அனுமதி தருபவர்களும் பதில் சொல்ல வேண்டும் என்று ஆக்கியது.

பிள்ளைகள் உண்மையில் நன்றாகப் படித்தார்களா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் பல மாநிலங்களின் சார்ட்டர் பள்ளிகளை எடுத்து, கணக்குப் பாடத்தை ஊர்ப் பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். நூற்றுக்கு 17 பள்ளிகள் மேலாக இருந்தன. 46 பள்ளிகளில் பெரிய வித்தியாசம் இல்லை. 37 பள்ளிகள் மோசமாக இருந்தன. அதே ஆய்வாளர்கள் 2023-ல் மீண்டும் பார்த்தபோது நிலைமை முன்னேறியிருந்தது. சராசரியாகச் சார்ட்டர் பள்ளிப் பிள்ளைகள் சற்று முன்னால் இருந்தார்கள். நகரத்தில் வாழும் ஏழைக் கறுப்பின, ஸ்பானிய வழிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் பலன் தெரிந்தது. கணினித் திரை வழியாக மட்டும் பாடம் நடத்திய பள்ளிகளோ மிகவும் பின்தங்கின. பலகையில் சார்ட்டர் என்று எழுதியிருப்பதை வைத்து மட்டும் ஒரு பள்ளியை எடை போட முடியாது.

செயின்ட் பாலிலும் அதன் இரட்டை நகரமான மினியாபொலிஸிலும் இன்னொரு வாக்குவாதம் நடக்கிறது. மாங் பிள்ளைகள் நிறைந்த பள்ளி, சோமாலியப் பிள்ளைகள் நிறைந்த பள்ளி என்று அங்கே சில சார்ட்டர் பள்ளிகள் இருக்கின்றன. நம் மொழி தெரிந்த ஆசிரியர், நம் பழக்கவழக்கம் தெரிந்த இடம் என்று பெற்றோர் விரும்பிச் சேர்க்கிறார்கள். எல்லா இனப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்றுதானே அந்த நாட்டில் கறுப்பின மக்கள் அவ்வளவு போராடினார்கள், இப்போது மறுபடி பிரித்து வைக்கலாமா என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். இரு பக்கமும் பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்களே.

2000 மே 4

சிட்டி அகாடமி திறந்து எட்டாவது ஆண்டில் ஒரு விருந்தாளி வந்தார். அமெரிக்க ஜனாதிபதி பில் கிளிண்டன். அன்று 2000-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் தேதி. அதற்குள் நாட்டில் சார்ட்டர் பள்ளிகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. 2021-ல் அது சுமார் 7,800 ஆனது. அவற்றில் படித்தவர்கள் சுமார் 37 லட்சம் பேர்.

ஜனாதிபதி பார்க்க வந்த அந்த முதல் பள்ளியோ அப்போதும் சிறிய பள்ளியாகத்தான் இருந்தது.

படித்தபின் பேசுங்கள்

சார்ட்டர் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கு யார் யார் ஓட்டுப் போட்டார்கள்?

60 பிள்ளைகள் உள்ள பள்ளியில் 9 பேர் நின்றால் வரவு எவ்வளவு குறையும்? தலைக்கு 100 ரூபாய் என்று வைத்துக் கணக்கிடுங்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளியின் வரவு செலவுக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

உங்கள் தெருவில் படிப்பை இடையில் விட்டவர்கள் யார்? ஏன் விட்டார்கள் என்று அவர்களிடம் யாராவது கேட்டார்களா?